காசு சுண்டிப் பார்த்த கதை

சைக்கிள் திருடி மாட்டின பக்கத்துத் தெருப் பையன் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போய்ப் பாடம் சொல்லித் தர்றேன். அப்பா அம்மாகிட்டயும் பேசுவேன். "உங்களாலதான் திருந்தினான் சார்"ன்னு அவங்கம்மா சொன்னப்ப உச்சி குளிர்ந்துடுச்சு.

அப்பதான் அமெரிக்காவோட கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வைப் படிச்சுத் தொலைச்சேன். 1939-ல ஆரம்பிச்சது. பசங்களை ஜோடி சேர்த்து, காசு சுண்டி, ஜோடியில ஒருத்தனுக்கு மட்டும் உதவி. வீட்டுக்கே போய், சராசரியா அஞ்சு வருஷத்துக்கு மேல! கடைசிக் கணக்குல 506 பேர்.

1978-ல ஜோன் மெக்கார்ட் அம்மையார் முடிவை வெளியிட்டாங்க. திரும்பத் திரும்பக் குற்றம் செஞ்சவங்க, குடியில விழுந்தவங்க... உதவி கிடைச்ச பக்கம்தான் அதிகம். ஆனா அவங்ககிட்டயே கேட்டா, மூணுல ரெண்டு பேர் "ரொம்ப உதவுச்சு"ன்னாங்களாம்.

போறதை நிறுத்த மனசு வரலை. ஆனா நான் போகாட்டியும் அவன் திருந்தியிருப்பானோ? ஒருத்தனை வச்சு எப்படிங்க காசு சுண்டுறது?