ஒரு கணினியில் இரு குடித்தனம்

ஓருறையில் இரு வாள் தங்கா என்பர். எமது மடிக்கணினி பத்தாண்டிற்கு மேலாக அக்கூற்றைப் பொய்ப்பித்து வருகின்றது. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளுள் ஒன்று அது. எம் தமக்கையார் பள்ளியிறுதி வகுப்பிற் பயின்ற காலத்துப் பெற்றது. அதன்கண் விண்டோஸ் 7-உம், சிடாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே குடியிருந்தன. பாஸ் இருந்த இடத்தில் இன்று டெபியன் இருக்கின்றது. பாஸ் டெபியனின் வழித்தோன்றலே. ஆதலின் பேரன் போய்ப் பாட்டன் வந்தான் எனலாம்.

பொறியை முடுக்கியதும் கிரப் என்னும் சிறு நிரல் தோன்றி, எப்பக்கம் செல்ல விருப்பமென வினவிச் சில நொடி காத்திருக்கும். ஒன்று விழித்திருக்க மற்றொன்று உறங்கும். லினக்ஸ் அயலாரின் கோப்புகளையெல்லாம் திறந்து படிக்க வல்லது. விண்டோஸோ அயலாரின் மனையைப் பெயரற்ற வெற்றிடமாகவே காண்கின்றது. இருவரும் பிணங்குவது கடிகாரத்தினாலேயாம். பொறியின் உள்ளே நடக்கும் கடிகாரம் உலகப் பொதுநேரத்தைக் காட்டுவதென லினக்ஸ் கொள்ளும். உள்ளூர் நேரத்தைக் காட்டுவதென விண்டோஸ் கொள்ளும். இந்திய நேரம் பொதுநேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்டதன்றோ? ஆதலின் மாலை ஆறு மணிக்கு விண்டோஸ் பக்கம் சென்றால் அங்கே நண்பகல் பன்னிரண்டரை! ஒரு வரிக் கட்டளையால் இதனைத் திருத்தலாம். யாம் திருத்தவில்லை, எப்பக்கம் இருக்கின்றோம் என்பதை அது நினைவூட்டுகின்றது.

விண்டோஸ் 7-க்கு அதனை ஆக்கியோர் அளித்த காப்பு 2020 சனவரி 14-ஆம் நாளோடு ஒழிந்தது. இணையத்தில் அதனை இணைத்தல் தகாது. அதனை அழித்துவிடின் வட்டில் இடம் மிகுமே என நண்பர் பலர் கூறுகின்றனர். கூற்றில் பிழையில்லை. ஆயினும் அப்பக்கத்தில் எம் பாட்டியார் பாடிய தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அறுபது உள்ளன. தமக்கையார் ஓர் அச்சகத்திற் பணியாற்றிய காலத்தில், பாட்டியார் வாய்மொழியைக் கேட்டுப் பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருக் கொண்டு கோத்தவை அவை. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு வெளிவந்தது 2001-இல்; லினக்ஸிற்கென அது வந்ததேயில்லை. லிப்ரேஆபீஸில் திறந்து பார்த்தோம். வரிகள் சிதறிக் கிடந்தன. பாட்டியார் இன்றில்லை, வேறு படியும் இல்லை.

ஆதலின் ஒவ்வொரு பாடலாக ஒருங்குறிக்குப் பெயர்த்து வருகின்றோம். மாற்றும் கருவிகள் உண்டு. ஆயினும் அவற்றை முற்றும் நம்புதற்கில்லை. பாமினியில் ஒளகாரத்தின் பிற்பகுதிக்கும் ளகரத்திற்கும் ஒரே வடிவந்தான். பாட்டியார் பாட்டிலோ வௌவாலும் வரும், பேச்சு வழக்கில் விளக்கு ‘வெளக்கு’ எனவும் வரும். முன்னதில் உள்ளது ஒற்றை உயிர்மெய். பின்னதில் வெகரமும் ளகரமும் தனித்தனி. தமிழறிந்தார்க்கு இதில் ஐயமில்லை; கருவிக்கு இரண்டும் ஒன்றே. பிழையாகப் பெயர்ந்த வௌவால் கண்ணுக்கு நேராகவே தோன்றும். தேடினால் மட்டும் அகப்படாது. தொல்காப்பியமும் நன்னூலும் பயில்வோர்க்கு இத்தகைய வேலை சலிப்பன்று; எமக்கு ஒருவாறு இன்பமே.

லினக்ஸில் பெயர்த்தல், பின் விண்டோஸிற் புகுந்து பழைய பக்கத்தோடு வரிவரியாய் ஒப்புநோக்கல், மீண்டும் வந்து திருத்தல் என ஒரு பாடலுக்கு மூன்று முறையேனும் பொறியை அணைத்து எழுப்ப வேண்டியுள்ளது. இதுவரை இருபத்து மூன்று முடிந்தன. ஒப்பாரிகளே எஞ்சியுள்ளன, அவை நெடியன. மின்கலம் அரைமணி நேரமே தாங்குகின்றமையால், விடுதியில் மின்சாரம் நிலையாக உள்ள இரவுகளில் மட்டும் அவற்றைத் தொடுகின்றோம்.