தாய்ப்பலகைக்கு வந்த பிணி

வீட்டுப் பொருள்கள் பழுதுற்றால் நாம் பெரிதும் கலங்குவதில்லை. கதிரையின் கால் ஆடினால் ஆணி தேடுகிறோம். குடைக்கம்பி முறிந்தால் தைப்பவரைத் தேடுகிறோம். கணினி பழுதுற்றால் மாத்திரம் கைகட்டி நின்றுவிடுகிறோம். அதன் வயிற்றுக்குள் இருப்பது நம் அறிவுக்கு எட்டாத ஒன்று என்ற அச்சமே இதற்குக் காரணம். அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 2022ஆம் ஆண்டிலே எனக்குக் கிட்டிற்று.

நான் வசிக்கும் லக்கலப் பகுதி மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்ததே; ஆயினும் மாத்தளைக்கும் எமக்குமிடையே நக்கிள்ஸ் மலைத்தொடர் குறுக்கே நிற்கின்றது. இரத்தோட்டையைத் தாண்டி, ரிவர்ஸ்டன் மூடுபனிக்குள் புகுந்து, இலுக்கும்புறப் பக்கமாக இறங்கி வரவேண்டும். சாதாரண நாளிலேயே அது நீண்ட பயணம். 2022ஆம் ஆண்டிலோ எரிபொருள் இன்றிப் பேருந்துகளும் அரிதாயின. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. யூலை மாதத் தொடக்கத்தில் நாட்டின் பாடசாலைகளே மூடப்பட்டன. உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் குறிப்புகளும் வினாத்தாள்களும் அனுப்புவதற்கு எனக்கிருந்த ஒரே வழி, வீட்டின் மூலையில் இருந்த பழைய மேசைக் கணினிதான். தோட்டத்து லயன் அறைகளிலே, தகப்பனாரின் கைப்பேசியில் அவற்றைப் பெற்றுப் படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் பயின்றார்கள்.

அவ்வேளையிலேதான் அது படுத்துவிட்டது. ஒருநாள் மாலை, மின்சாரம் திரும்பி வந்ததும் பொத்தானை அழுத்தினேன். விசிறி ஒரு கணம் சுழன்று நின்றது. மீண்டும் சுழன்றது; மீண்டும் நின்றது. திரையோ கார்காலத்து வானம்போல் இருண்டே கிடந்தது.

நகரத்துத் திருத்துநர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையை எடுத்துரைத்தேன். “மதர்போர்ட் போயிட்டுது சேர். அந்தப் பழைய மொடலுக்கு இனி சாமான் எடுக்க ஏலாது. புதுசு போடுறதுதான் நல்லம்” என்று அரை நிமிடத்தில் தீர்ப்பளித்துவிட்டார். மதர்போர்ட் என்பதையே எங்கள் பாடநூல்கள் தாய்ப்பலகை என்கின்றன. புதிய தாய்ப்பலகையோ பழைய செயலியையும் நினைவகத்தையும் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே அவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் அதற்குள் 350 ரூபாவைக் கடந்துவிட்டிருந்தது. அவர் சொன்ன தொகை ஓர் ஆசிரியனின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு மேலும் கேட்பதாயிருந்தது.

“திறந்துதான் பாருங்களேன். ஓடாததை இனி என்ன ஓடாமல் ஆக்கிவிடப் போகிறீர்கள்?” என்றாள் என் மனைவி. தருக்க நூல் கற்றவரும் இதற்கு மறுமொழி சொல்லுதல் அரிது.

நானோ தமிழும் வரலாறும் கற்பிப்பவன். ஆதலால் துணைக்கு ஒருவரை நாடினேன். எங்கள் ஊரில் எல்லாரும் ‘பாஸ் உன்னஹே’ என்று மரியாதையாக அழைக்கும் சிங்கள முதியவர் அவர். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக நீரில் மூழ்கிப்போன பழைய பல்லேகமவில், வால்வு வானொலிக் காலந்தொட்டுத் திருத்துவேலை செய்தவர். கடை போயிற்று, கருவிப் பெட்டி அவரோடு வந்துவிட்டது. கணினியை அவர் அதிகம் அறியார். ஆனால், “போர்டு செத்துவிட்டது என்று யார் சொன்னது, மாத்தயா? அதற்குச் சோறு போகிறதா என்று முதலில் பார்ப்போம்” என்றார். நோயைத் தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்தைப் பற்றி நினைக்க வேண்டுமென்னும் வள்ளுவரின் முறை அவருக்குக் கைவழியாக வந்திருந்தது.

சோறு என்று அவர் சொன்னது மின்சாரத்தை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை, கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டி 12, 5, 3.3 வோல்ற்றுகளாகக் குறைத்துத் தருகின்றது. அதன் தடித்த இணைப்பியைப் பலகையிலிருந்து கழற்றினோம். பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்ததும் பெட்டி தனியே இயங்கிற்று. பல்மானி வைத்து அளந்ததில் மூன்றும் உரிய அளவில் இருந்தன. நூற்றுக்கு ஐந்து ஏறியோ இறங்கியோ இருக்கலாம் என்பது விதி. சோற்றில் குறையில்லை.

அடுத்து, பலகையிலுள்ள நாணய வடிவான மின்கலம். கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காத்து நிற்பது அதுவே. 3 வோல்ற்று இருக்க வேண்டிய அது தளர்ந்திருந்தது; மாற்றினோம். நினைவகத் துண்டை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்தினோம். பல கணினிகள் இவ்வளவிலேயே உயிர்பெற்றுவிடும் என்பார்கள். எங்களது எழவில்லை.

பின்னர் பலகையையே வெளியே எடுத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். செயலியின் பக்கத்திலே வரிசையாக நிற்கும் சிறு உருளைகளுள் ஐந்து, தட்டையாக இருக்கவேண்டிய தலை புடைத்து, பொங்கிய அப்பம்போல் இருந்தன. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறப் பொருக்கும் கட்டியிருந்தது. “மாத்தயா, இதோ உங்கள் நோயாளி” என்றார் பெரியவர்.

அவ்வுருளைகளுக்குக் கொள்ளளவி என்று பெயர். ஊரில் கபாசிற்றர் என்போம். செயலி ஏறத்தாழ 1 வோல்ற்றிலேயே இயங்குவது; ஆனால் மின்னோட்டத்தைப் பல பத்து அம்பியராக வாங்கிக் குடிப்பது. 12 வோல்ற்றைத் துண்டு துண்டாக வெட்டியே அவ்வளவுக்குக் குறைக்கிறார்கள். வெட்டி வருவது சீராக இராதல்லவா? மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் வயலுக்கு ஒரே சீராக நீர் விடுகின்றது குளம். கொள்ளளவி செய்யும் தொழிலும் அதுவே. குளம் வற்றினால் பயிர் வாடுதல்போல, கொள்ளளவி கெட்டால், குற்றமற்ற செயலியும் எழும்ப முடியாமல் கிடக்கும்.

அதன் உள்ளே ஈரமான மின்பகுபொருள் உண்டு. வெப்பத்தால் அது நாளடைவில் உலரும்; கெட்டால் வாயு உண்டாகித் தலையைப் புடைக்கச் செய்யும். வெடித்துச் சிதறாமல் மெல்லப் பிளக்கட்டும் என்றே உச்சியில் கீறல் இட்டிருக்கிறார்கள். வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் இருமடங்காகும் என்பது பொறியியலாளரின் கணக்கு. இந்தப் பிணி ஒருகாலத்தில் உலகெங்கும் கொள்ளைநோயாகவே பரவிற்று. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தாய்வானில் செய்யப்பட்ட கொள்ளளவிகள் பலவற்றில் மின்பகுபொருளின் கலவை பிழைத்துவிட, இலட்சக்கணக்கான தாய்ப்பலகைகள் அற்பாயுளில் மாண்டன. அவற்றைத் திருத்துவதற்கும் மாற்றுவதற்குமாக டெல் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் 30 கோடி டொலர் ஒதுக்க நேர்ந்தது. விரல் நுனியளவு உருளை செய்த வேலை இது!

கொழும்புப் புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருவுக்குத் தொலைபேசியில் சொல்லி, ஐந்து புதிய கொள்ளளவிகளைத் தபாலில் வரவழைத்தேன். தபாற் செலவு சேர்ந்தும் ஒருநாள் மரக்கறிச் செலவுக்கு மேற்படவில்லை. ஆனால் அவை வந்துசேர இரண்டு வாரங்கள் சென்றன. பழையதில் எழுதியிருந்த 1500 மைக்ரோபரட் என்னும் அளவு புதியதிலும் அப்படியே இருக்கவேண்டும். வோல்ற்று குறையக்கூடாது, கூடினால் குற்றமில்லை. 105 பாகை வெப்பம் தாங்குவதாகவும், உட்தடை குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். பரட் என்பது மைக்கேல் பரடேயின் பெயரால் அமைந்த அலகு. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்றுகொண்டே, கட்டவந்த நூல்களைப் படித்து விஞ்ஞானியானவர் அவர். பொறியியற் பட்டமில்லாத எனக்கு அந்தப் பெயர் சற்றுத் தைரியம் தந்தது.

மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் இருக்கும் வேளையிலே வேலையைத் தொடங்கினோம். பெரியவருக்குக் கை நடுங்கும். எனக்கு அனுபவம் இல்லை. அவருடைய அறிவும் என் கையுமாகச் சேர்ந்து ஒரு திருத்துநர் ஆனோம். கழற்றுமுன் ஒவ்வோர் உருளையும் எத்திசை நோக்கி நிற்கிறதென்று கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னார். உருளையின் பக்கத்தில் கோடு உள்ள கால் எதிர்முனை. அதனை மாற்றி வைத்தால் புதியதும் வெடிக்கும். பலகையில் அச்சிட்ட குறி செய்தவருக்குச் செய்தவர் வேறுபடுவதால், அதனை மாத்திரம் நம்பலாகாது.

கடினமானது கழற்றுதலே. தாய்ப்பலகை பார்வைக்கு ஒன்று. உள்ளே பல செப்பு அடுக்குகள் கொண்டது. சூட்டை எல்லாம் அச்செம்பு உறிஞ்சிவிடும். 2006ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சட்டம் ஈயத்தை விலக்கிய பிறகு வந்த பலகைகளின் பற்றாசு 217 பாகைக்கு மேலேதான் உருகும். ஈயம் கலந்த பழைய பற்றாசோ 183 பாகையிலேயே உருகும். ஆகவே பழைய பற்றாசிலே சிறிது புதிதாகச் சேர்த்து உருக்கினால், கலந்தது எளிதில் இளகும். ஒரு காலைச் சுட்டுச் சற்றே சாய்த்து, மற்றக் காலைச் சுட்டு மறுபுறம் சாய்த்து, ஆடும் பல்லைப் பிடுங்குவதுபோல் மெல்ல எடுக்க வேண்டும். வலிந்து இழுத்தால் துளைக்குள் இருக்கும் செப்பு உரிந்துவிடும். அப்புறம் பலகைக்கு உய்வில்லை. முதலாவது உருளை கழன்று வந்தபோது, யன்னலெல்லாம் திறந்திருந்தும், என் சட்டை வியர்வையால் நனைந்திருந்தது. ஐந்தும் முடிய இரண்டு மாலைகள் ஆயின. ஈயம் தொட்ட கையை நன்கு கழுவாமல் தேநீரைத் தொடவிடவில்லை பெரியவர்.

பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது, நிற்கவில்லை. உள்ளிருந்து ஒரேயொரு ‘பீப்’ ஒலி எழுந்தது. அன்றிரவே தடைப்பட்டிருந்த வினாத்தாள் பிள்ளைகளுக்குச் சென்றது. அவர்களுடைய உயர்தரப் பரீட்சை 2023ஆம் ஆண்டு ஜனவரியிலே தொடங்கிற்று. கணினி இன்றும் உழைக்கிறது.

இதனால் எல்லாப் பழுதையும் வீட்டிலேயே திருத்திவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மின்வழங்கிப் பெட்டியின் மூடியை அனுபவமில்லாதார் திறத்தலாகாது. இணைப்பை எடுத்த பிறகும் அதனுள் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். சில்லுகளின் அடியிலே மணிமணியாக இருக்கும் பற்றாசும் நம் கோலுக்கு எட்டாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் எங்கள் மலைகளில் முழங்கும் இடி, தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே புகுந்து சில்லைச் சுட்டிருந்தால், அங்கே கைவைப்பதும் வீண். வானம் கறுக்கும்போதே மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுவதே அதற்கு மருந்து.

ஆயினும், திருத்தக்கூடியதைத் திருத்தாமல் எறிவதும் சிறிய விடயமன்று. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகம் 6 கோடி 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை ஒதுக்கித் தள்ளியதென்றும், அதில் நூற்றுக்கு 22.3 பங்கே முறையாக மீள்சுழற்சிக்குச் சென்றதாகப் பதிவாகியுள்ளதென்றும் ஐக்கிய நாடுகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. ஐந்து சிறு உருளைகளுக்காக எறியப்பட்ட பலகைகள் அக்குவியலில் எத்தனை கிடக்குமோ!

கழற்றிய ஐந்தையும் ஒரு மைப்போத்தலில் இட்டு வகுப்பறைக்குக் கொண்டு சென்றேன். பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பாஸ் உன்னஹேயிடம் தொழில் பழகலாமா என்று ஒரு மாணவி கேட்டாள்; பின்னர் விடுமுறைகளில் அவரிடம் போய்வரத் தொடங்கினாள். வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே. உங்கள் வீட்டுக் கணினியைப் பார்த்து எவரேனும் “போய்விட்டது” என்று சொன்னால், உடனே பணப்பையைத் திறவாதீர்கள். அதிலே எது போய்விட்டது என்று ஒருமுறை கேளுங்கள்.