எஃகு உருண்டையும் இரண்டு லட்ச ரூபாயும்

மொழிபெயர்ப்பாளனுக்குச் சில சொற்கள் கண்ணி வைக்கும். ‘ஃப்ரீ எனர்ஜி’ அப்படி ஒன்று. வேதியியல் பாடநூலில் அது ‘கட்டிலா ஆற்றல்’. வேலை செய்யக் கிடைக்கும் ஆற்றலின் அளவு. காசு கொடுக்காமல் கிடைப்பது என்ற பொருளே அங்கே கிடையாது. ஆனால் காந்தச் சரிவைக் காட்டி வாதாடுபவர்களின் வாயில் அது ‘இலவச ஆற்றல்’ ஆகிவிடுகிறது. எதையும் தின்னாமல் என்றென்றும் உழைக்கும் எந்திரம் என்று அர்த்தம்.

கனவு பழசு. பாதரசம் நிரப்பிய ஆரங்களோடு தானே சுழலும் சக்கரம் ஒன்றை 1150இல் இரண்டாம் பாஸ்கரர் ‘சித்தாந்த சிரோமணி’யில் விவரித்தார். இங்கிலாந்தின் ஜான் வில்கின்ஸ் என்ற பாதிரியார் 1648இல் எழுதிய நூலில் காந்தச் சரிவை ஆராய்ந்தார். உச்சியில் இருக்கும் காந்தம் இரும்பு உருண்டையை மேலே இழுக்கும்; அது அங்குள்ள துளை வழியே விழுந்து அடிவாரத்துக்கே திரும்பும் என்பது திட்டம். நடக்காது என்பது அவர் முடிவு. கீழிருந்து இழுக்கும் அளவுக்கு வலுவான காந்தம், பக்கத்தில் வந்த உருண்டையைத் துளையில் விழ விடுமா?

இப்படிப்பட்ட எந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று 1775இல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி கதவைச் சாத்தியது. கனவு ஜன்னல் வழியே வந்தது. 2006இல் ஸ்டியோர்ன் என்ற அயர்லாந்து நிறுவனம் ‘எகானமிஸ்ட்’ இதழில் விளம்பரம் கொடுத்து விஞ்ஞானிகளுக்குச் சவால் விட்டது. ஆற்றல் உற்பத்தியானதற்கு ஆதாரமில்லை என்று 2009இல் நடுவர் குழு ஒருமனதாகச் சொன்னது.

இந்தச் சரித்திரமெல்லாம் எனக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம், தில்லியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர். முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அலுமினியச் சரிவின் இரு பக்கமும், மேலே போகப் போக நெருங்கும்படி காந்தங்களை வரிசையாக ஒட்டியிருந்தார். அடியில் எஃகு உருண்டையை வைத்துக் கையை எடுத்தால் அது விறுவிறுவென்று மேலேறி, விளிம்பைத் தாண்டி, தட்டில் ‘டங்’ என்று விழும். பார்க்க அழகுதான். ஏறியது நிஜம், விழுந்ததும் நிஜம்.

“மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. பின்னே யார் சார் தூக்கினது?” என்றார். நான் கட்டுரை எழுத வேண்டும், காப்புரிமை விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர வேண்டும் என்பது கோரிக்கை. பணிக்கொடையில் மிஞ்சிய ரூ 2 லட்சத்தை ஒரு ஏஜெண்டிடம் கட்டத் தயாராக இருந்தார். அவர் மனைவி என்னை வாசல் வரை வந்து வழியனுப்பியபோது மெல்லச் சொன்னார்: “நீங்க எழுதினா இவர் பணத்தைக் கட்டிடுவார் தம்பி. அதான் பயமா இருக்கு.”

தமிழ் எம்.ஏ. படித்தவன் ஃபிட்டருக்கு பௌதிகம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆகவே எனக்குப் புரிந்த கணக்கைச் சொன்னேன். காந்தம் கொடுப்பது கைமாற்று. உருண்டையை அருகே இழுக்க இழுக்க அது உயரத்துக்கான செலவைக் கொடுக்கிறது; உருண்டை தன்னை விட்டுப் போகும்போது அவ்வளவையும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதே உயரத்திலிருந்து காந்தம் இல்லாமல் விழுகிற உருண்டையைவிட இது மெதுவாகத்தான் வெளியே வரும். மீண்டும் அடியில் கொண்டுபோய் வைப்பது யார்? அவர் கை.

“எல்லாப் புதுசையும் முதல்ல சிரிச்சாங்க சார்” என்றார். உண்மைதான். ஆனால் சிரிக்கப்பட்டதெல்லாம் உண்மையாகிவிடவில்லை. “புறப்படுற இடமும் சேர்ற இடமும் ஒரே மட்டமா?” என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவர் தொழிலைத் தொட்டது. உள்ளே போய் ரசமட்டத்தையும் ஸ்கேலையும் கொண்டுவந்தார். தட்டு ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. மறுவாரம், உருண்டை தானாகவே அடிக்குத் திரும்பும்படி ஒரு வாய்க்கால் செய்தார். உருண்டை மேலேறியது, விழுந்தது, பாதி வாய்க்காலில் நின்றது. சாய்வை மாற்றினார், எண்ணெய் போட்டார், மெருகேற்றினார். ஒரு முறைகூட வட்டம் முடியவில்லை.

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவையும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு முரணானது அங்கே கண்டுபிடிப்பே ஆகாது. “சட்டம் மாறலாம்” என்றார். “உருண்டை திரும்பி வரட்டும், நானே எழுதுகிறேன்” என்றேன். யோசித்தார். வட்டம் முடிகிற வரை வங்கியிலிருந்து ஒரு பைசா எடுப்பதில்லை என்று மனைவி முன்னால் ஒப்புக்கொண்டார்.

அவர் என் கட்சிக்கு வந்துவிடவில்லை. இப்போது வாய்க்காலைக் கண்ணாடியில் செய்து பார்க்கிறார். நேர்த்தியான வேலை, தெருப் பிள்ளைகள் கூடி நின்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் உருண்டை நிற்கிற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வைக்கிறார்.