தட்டிப் பார்த்தல்

நாம் பெங்களூர் மாநகரில் குடியேறி இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகின்றன. இங்குள்ள பொறியியற் கல்லூரி ஒன்றில் கணினித் துறை ஆசிரியராகப் பணியாற்றி வருகின்றோம். இணையவழி நிகழும் பண மோசடிகளைக் கணினியைக் கொண்டே கண்டறிவது எங்ஙனம் என்பது நமது ஆராய்ச்சிப் பொருள். இறுதியாண்டு மாணவர்க்கு அதனையே பாடமாகவும் சொல்லி வருகின்றோம். இத்தொழில் செய்யும் நம் குடும்பத்திலேயே மோசடிக்காரன் புகுந்து பொருளைக் கவர்ந்து சென்றான் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்த பின்னர்ச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் விருப்பத்தாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

நம் இல்லத்தரசியின் தாய்மாமன் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். சுரங்கத்தினுள் இறங்கி உழைத்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டபோது, அவ்வூர்த் தமிழர் பலரையும் போல அவரும் பெங்களூருக்கு வந்து, அல்சூர்ப் பக்கம் ஒரு சிறு வீட்டில் குடியமர்ந்தார். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் பல்லாண்டு மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றார். பேத்தியின் மேற்படிப்பிற்கென்று அவர் சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்புநிதியாக இட்டிருந்த தொகை 7,40,000 ரூபாய்.

சென்ற ஆண்டு ஒருநாட் காலை அவருடைய கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. அவர் பெயரால் வெளிநாட்டிற்கு அனுப்பப்பட்ட பொதியொன்றில் போதைப்பொருள் அகப்பட்டதென்றும், காவல்துறையினர் அவரைத் தேடுகின்றனர் என்றும் ஒருவன் கூறினான். சிறிது நேரத்தில் காணொளியில் மற்றொருவன் தோன்றினான். காக்கி உடை, தோளில் விண்மீன்கள், பின்னே அலுவலகம் போன்றதொரு காட்சி. “நீர் டிஜிட்டல் கைதில் இருக்கின்றீர், கைப்பேசியின் முன்னின்று அகலலாகாது, எவரிடமும் வாய் திறக்கலாகாது” என்று அவன் அதட்டினான். அவருடைய துணைவியார் அப்போது ஓசூரில் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தார். இரண்டு நாட்கள் அப்பெரியவர் உண்ணாமலும் உறங்காமலும் அக்கருவியின் முன் அமர்ந்திருந்தார். பணம் நேர்மையாக ஈட்டியதா என்று சோதித்துத் திருப்பித் தருவோம் என்ற சொல்லை நம்பி, வைப்புநிதியை உடைத்து அவர்கள் சுட்டிய கணக்கிற்கு அனுப்பினார். வங்கியிலிருந்த அம்மையார், “இவ்வளவு பணம் எதற்கு ஐயா?” என்று கேட்கத்தான் செய்தார். கற்பித்து அனுப்பியவாறே, “மகன் வீடு வாங்குகின்றான்” என்று இவர் விடையிறுத்தார்.

நமக்குச் செய்தி எட்டியது மூன்றாம் நாள். உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிட்டோம். ஆயினும் பணம் முதற் கணக்கிலிருந்து நான்கு கணக்குகளுக்கும், அவற்றினின்று மேலும் பலவற்றிற்கும் சிதறிப் போயிருந்தது. ஓரிடத்தில் எஞ்சி நின்ற 62,000 ரூபாய் மட்டுமே முடக்கி வைக்கப்பட்டது.

அன்றிரவு மாமா நம்மை நோக்கி ஒரு வினா எழுப்பினார். “மாப்பிள்ளை, நீங்கள் கல்லூரியில் பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக் கொடுக்கிறீர்கள்? எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லையே?”

அவர் குரலில் சினமில்லை. சினந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என ஒன்று இல்லவே இல்லை என்பது நமக்குத் தெரியும். 2024 அக்டோபர் 27-ஆம் நாள் தலைமை அமைச்சர் தம் வானொலி உரையில் இம்மோசடி குறித்து நாட்டு மக்களை எச்சரித்ததும் தெரியும். ஞாயிறுதோறும் அவர் வீட்டில் உணவருந்திய நாம், அதனை ஒருமுறையேனும் அவரிடம் சொன்னோமில்லை. அறிவைக் கல்லூரி வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது?

அடுத்த திங்கட்கிழமை இச்சுமையோடு வகுப்பிற்குச் சென்றோம். அன்றைய பாடம், இத்துறையினர் யாவரும் அறிந்த ஒரு கணக்கு. 2013 செப்டம்பரில் இரண்டு நாட்களில் ஐரோப்பியர் தம் கடனட்டைகளால் செய்த 2,84,807 செலவினங்களைப் பிரசெல்சு நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவொன்று ஆய்வுலகிற்கு அளித்தது. அவற்றுள் மோசடியானவை 492 மட்டுமே. இனி, ஒரு கணினி எதனையும் ஆராயாமல் “எல்லாம் நல்லவையே” என்று கண்ணை மூடிக்கொண்டு கூறுமாயின் அதன் கூற்று நூற்றுக்கு 99.8 பங்கு சரியாக இருக்கும். ஆனால் கள்வர் ஒருவரையும் அது பிடித்திராது! ஆகவே எத்தனை சரி என்று எண்ணுவது போதாது. இருந்த கள்வருள் எத்தனை பேரைப் பிடித்தோம், பிடித்தவருள் எத்தனை பேர் உண்மைக் கள்வர் என்னும் இரண்டையும் தனித்தனியே கேட்டல் வேண்டும். முன்னதில் தவறினால் ஏழையின் சேமிப்புப் பறிபோகும். பின்னதில் தவறினால் மருத்துவமனையில் நிற்கும் நல்லவர் ஒருவரின் பணம் தடைப்படும்.

மாணவர் யாவரும் இதனைப் பிழையின்றி எழுதிக் கொண்டனர். தேர்விலும் எழுதுவர், நாமும் மதிப்பெண் வழங்குவோம். அன்று வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவர் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தார். நம்மவர் வீட்டுப் பிள்ளை. இடைத்தேர்வில் 50-க்கு 47 பெற்றவர்.

“சார், ஒரு சந்தேகம். நம் வங்கிக் கணக்கை ஒரு மாதம் வேறொருவருக்குக் கொடுத்தால் 5,000 ரூபாய் தருகிறார்கள். அது தவறா?”

“கொடுத்துவிட்டாயா?” என்றோம்.

அவர் தலை கவிழ்ந்தார். அட்டையையும் கணக்கோடு இணைந்த சிம் அட்டையையும் கொடுத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

பிறர் திருடிய பணத்தைச் சுமந்து செல்லும் இத்தகைய கணக்கினை ‘மியூல்’ கணக்கு என்பர். பொதி சுமக்கும் கோவேறு கழுதை என்பது கருத்து. மாமாவின் பணம் சிதறிச் சென்ற வழியும் இத்தகைய கணக்குகளின் வழியே. இவற்றைக் கண்டறிவதற்கென்றே ‘மியூல் ஹண்டர்’ என்னும் கணினிக் கருவியை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கியதாக 2024 டிசம்பரில் அவ்வங்கி அறிவித்தது. அம்மையம் 2022-இல் தொடங்கப்பெற்றது இதே பெங்களூரில்தான். நெடுநாள் உறங்கிக் கிடந்த கணக்கொன்றில் திடீரெனப் பெருந்தொகை வருவதும், வந்த சில நிமிடங்களில் வெளியேறுவதும் இக்கணக்குகளின் அடையாளங்கள். இவ்வடையாளங்களை வரிசையாக எழுதி மதிப்பெண் பெற்ற பிள்ளைதான், தன் கணக்கே அதுவாகியதை அறியாது நின்றார்.

அக்கணத்தில் நமக்கு ஒன்று விளங்கிற்று. வகுப்பில் நாம் எள்ளி நகையாடிய அக்கணினியும் நாமும் வேறல்லோம். நம் தேர்ச்சிக் கணக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அதனைக் கண்டு கல்லூரி மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். உண்மையில் விளங்கியதா என்று எவரையும் நாம் சோதித்ததில்லை. “எல்லாம் நல்லவையே” என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டு வந்தோம்.

உடனே அம்மாணவரின் தந்தையாரை வரவழைத்து, மூவருமாக வங்கிக்கும் காவல் நிலையத்திற்கும் சென்றோம். யாரோ ஒருவரின் பணம் அதற்குள் அக்கணக்கின் வழியே சென்றிருந்தது. கணக்கு முடக்கப்பட்டது, விசாரணை இன்னும் முடிந்தபாடில்லை. தாமாகவே முன்வந்து சொன்னமை அவருக்குத் துணை நிற்கும் என்று நம்புகின்றோம்.

இதன் பின்னர், கற்பித்தலைப் பற்றிப் பிறர் செய்த ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தோம். நம் துன்பம் புதிதன்று எனக் கண்டோம். அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் என்பார், கடினமான கணக்குகளைப் போட்டு முடிக்கும் தம் மாணவர்கள் எளிய அடிப்படை வினாவில் தடுமாறுவதைக் கண்டார். தம் விரிவுரையைச் சுருக்கி, வகுப்பில் வினா எழுப்பி, மாணவர் தம் விடையை அருகிலிருப்பவருக்கு விளக்கி வாதிடச் செய்யும் முறையை 1990-களில் வகுத்தார். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதக் கல்வி பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்புகளில் தோல்வியுற்றோர் நூற்றுக்கு 33.8, மாணவர் தாமே முயன்று கற்ற வகுப்புகளில் 21.8.

நாமும் வகுப்பை மாற்றினோம். இப்போது முதல் நாளன்று கணினியைத் தொடுவதில்லை. பத்துப் பணப் பரிமாற்றங்களைத் தாளில் அச்சிட்டுத் தருகின்றோம். எது மோசடி, ஏன் என்று இருவர் இருவராக வாதிட்டு முடிவு கூறுதல் வேண்டும். முதன்முறை, அச்சத்தால் பத்தையுமே மோசடி என்று ஒரு குழுவினர் எழுதினர். அவற்றுள் ஒன்று, மகப்பேற்று மருத்துவத்திற்காக இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அனுப்பிய பணம். அதனைத் தடுத்தால் நேரும் தீங்கை அவர்களே பேசி உணர்ந்தனர். வீட்டுப்பாடமும் மாறிற்று: கற்றதனை வீட்டிலுள்ள முதியவர் ஒருவருக்குத் தாய்மொழியில் விளக்கி, அவர் கேட்ட வினாக்களை எழுதி வருதல் வேண்டும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என நான்கு மொழிகளில் வந்த வினாக்கள் நம் பாடநூலிலும் இல்லாதவை. ஒரு பாட்டியார், “பயமுறுத்துகிறவனிடம் எப்படிப் பேச்சை முடிப்பது? அதைச் சொல்” என்று கேட்டிருந்தார். இம்மாற்றத்தால் பாடப் பகுதிகள் சில விரைவாக முடிக்கப்பட்டன. அது குறித்து மாணவர் சிலர் குறைபட்டனர். அக்குறை நியாயமானதே. சரிசெய்ய முயன்று வருகின்றோம்.

ஒருநாள் மாமாவையும் வகுப்பிற்கு அழைத்தோம். வர நாணினார், பேத்தி வற்புறுத்தியதால் வந்தார். கன்னடமும் தமிழும் கலந்து அவர் பேசியதன் சாரம் இது: “சுரங்கத்துக்குள் வேலை தொடங்கும் முன் மேலே உள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். கணீரென்று கேட்டால் நிற்கலாம். வெற்றோசை கேட்டால் அடியில் நிற்கக் கூடாது. எத்தனை அவசரமானாலும் தட்டாமல் வேலை தொடங்க மாட்டோம். அந்தப் போன் வந்த அன்று எனக்குத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அவசரப்படுத்தியவன் அவன், அவசரப்பட்டவன் நான்.”

வகுப்பில் ஒரு சிறு ஒலியும் எழவில்லை. நாம் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லி வந்த பாடத்தை அவர் பத்து நிமிடங்களில் முடித்துவிட்டார்.

அன்பர்களே! ஊரையும் உறவையும் விட்டு இம்மாநகருக்கு வந்த நமக்கு, அதட்டும் அதிகாரக் குரலைக் கேட்டதும் அஞ்சும் இயல்பு சற்று மிகுதி. அக்குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலித்தால் அச்சம் இரட்டிக்கும். அத்தகைய அழைப்பு வருமாயின் மறுமொழி கூறாது துண்டித்துவிடுங்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்தில் நேரிற் சென்று கேளுங்கள். அதுவே தட்டிப் பார்த்தல். எந்தக் காவல் அதிகாரியும் காணொளியில் கைது செய்வதில்லை; எந்த நீதிமன்றமும் சோதிப்பதற்கென்று உங்கள் பணத்தைக் கேட்பதில்லை. பணம் போய்விட்டது எனின் நாணி மறைக்காமல் அக்கணமே 1930-ஐ அழையுங்கள். நாம் இழந்த மூன்று நாட்களை நீங்கள் இழத்தல் ஆகாது. கல்லூரி செல்லும் பிள்ளைகளிடம், கணக்கையும் அட்டையையும் எவருக்கும் வாடகைக்குக் கொடுக்கலாகாது என்பதை இன்றே சொல்லுங்கள்.

வீட்டில் கற்றவர் எவரேனும் இருப்பின், அவர் கற்றது என்ன என்று முதியோர்கள் கேட்டறிதல் வேண்டும். கேளாவிடினும் கற்றவர் தாமே சொல்லுதல் வேண்டும். இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் உணவு முடிந்ததும் மாமா நம்மைப் பார்த்து, “இந்த வாரம் புதிதாக என்ன திருட்டு, மாப்பிள்ளை?” என்று கேட்கின்றார். நாம் சொல்கின்றோம். அவர் தெரு முழுதும் சொல்லி வருகின்றார்.