பின்கதவுப் பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கிண்டி காப்புரிமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். முதல் பரிசோதனை அறிக்கை. காப்புரிமை முகவர்களான எங்கள் வாயில் எஃப்.இ.ஆர். பாடியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுடைய பெட்டிக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் தாக்கல் செய்தோம். தனிநபர் என்பதால் தாக்கலுக்கு 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000. பதினெட்டு மாதம் மூடிய உறையாகக் கிடந்து, இதழில் வெளியாகி, வரிசையில் நின்று, இன்றைக்குத்தான் முறை வந்திருக்கிறது. பதில் போட ஆறு மாத அவகாசம்.

ஜீப் மாதிரியான வண்டிகளின் பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் இல்லையா, அந்த இடத்தில் மாட்டுகிற இரும்புப் பெட்டி அது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தினார்கள். கதவில் அந்த பிராக்கெட் சும்மா நிற்கிறதே என்று அண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது. கயிறு, ஜாக்கி, அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் அதில் வைத்துப் பூட்டலாம்.

அறிக்கையில் ஒன்பது ஆட்சேபனை. ஆறு, எண் போடவில்லை, சுருக்கம் நீளம் என்கிற வகை. அரை நாள் வேலை. மற்ற மூன்றுதான் கழுத்தைப் பிடிக்கின்றன. புதுமை இல்லை. துறை தெரிந்தவனுக்கு இது தானாகவே தோன்றும். மூன்றாவது, பிரிவு 3(எஃப்): தெரிந்த சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. பெட்டி தெரிந்தது, பிராக்கெட் தெரிந்தது, பூட்டு தெரிந்தது.

படித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மனசுக்குள், எழுதியவர் சொல்வது சரிதான் என்று பட்டது. அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 5, வியாழன்

பரிசோதகர் காட்டிய பழைய ஆவணங்களைப் படித்தேன். சர்வதேச வகைப்பாட்டில் பி60ஆர் 9/06 என்று ஒரு அறை. வண்டியின் முன்னாலோ பின்னாலோ வெளிப்புறத்தில் சுமை மாட்டுகிற எல்லாமே அதற்குள் அடங்கும். சைக்கிள் மாட்டி, பனிச்சறுக்குக் கட்டை மாட்டி, நாய்க்கூண்டு. மனிதனுக்கு வண்டிக்குள் இடம் போதவே இல்லை என்று அந்த அறையைப் புரட்டினால் தெரியும்.

முதல் ஆவணம் அமெரிக்காவுடையது. ஸ்டெப்னியின் குழிக்குள் உட்காரும் வட்டப் பெட்டி. அதைச் சமாளிக்கலாம், நம்முடையது ஸ்டெப்னியை எடுத்துவிட்ட இடத்தில் வருவது. இரண்டாவது ஜப்பான். வேனின் பின்கதவில் தொங்கும் பெட்டி, கதவில் உரசாமலிருக்க முதுகில் ரப்பர் பட்டைகள். இயந்திர மொழிபெயர்ப்பில் 'பின்கதவின் பின்பக்கத்துப் பின்முகம்' என்று நாலு இடத்தில் வருகிறது. ஆனால் படம் தெளிவு. உரிமை கேட்டு நான் எழுதிய முதல் கோரிக்கையின் ஒவ்வொரு உறுப்பையும் அந்தப் படத்தில் விரல் வைத்துக் காட்டலாம். பரிசோதகர் கட்டம் போட்டுக் காட்டியும் இருக்கிறார்.

பிழை என்னுடையது. வலையை அகலமாக வீசுவோம் என்று 'பின்கதவில் பொருத்தப்படும் பொருள்வைப்பு அலகு' என்று ஆரம்பித்தேன். அகல வலையில் ஊரிலிருக்கிற பழைய மீனெல்லாம் விழும்.

ஜூன் 9, திங்கள்

அண்ணனுக்கு போன் போட்டேன்.

"நமக்கு முன்னாடியே எவனோ போட்டுட்டான்னு சொல்றாங்களா மேடம்?"

"ஜப்பான்ல ஒண்ணு இருக்குண்ணே."

"ஜப்பான்காரன் செஞ்சது எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்தா செஞ்சேன்?"

எல்லாரும் கேட்கிற கேள்வி. பார்த்துச் செய்தாயா என்று காப்புரிமைச் சட்டம் கேட்பதில்லை. உலகத்தில் எந்த மூலையிலாவது அச்சில் இருந்ததா என்றுதான் கேட்கும். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, பின்னணியில் கிரைண்டர் சத்தம் மட்டும். பிறகு, "மச்சான் வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பிச்சான், பாருங்க" என்றார்.

பார்த்தேன். மெர்சிடிஸ் ஜி வண்டியின் மின்சார மாதிரி, 2021 மியூனிக் கண்காட்சியில் வைத்தது. பின்கதவில் ஸ்டெப்னிக்குப் பதிலாக, சார்ஜ் கேபிள் வைக்கப் பூட்டு போட்ட பெட்டி. நம் தாக்கலுக்கு ஒன்றரை வருடம் முந்தியது. பரிசோதகர் இதைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஜப்பான்காரரைத் தேடவே வேண்டியிருந்திருக்காது. பின்கதவில் பெட்டி என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை என்பது இதோடு எனக்கு முடிந்துபோனது.

ஜூன் 14, சனி

பாடிக்குப் போனேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் விண்ணப்பம் எழுதும்போதே போயிருக்க வேண்டும். அவர் அனுப்பிய படங்களையும் போன் பேச்சையும் வைத்தே எழுதினேன்.

பட்டறையில் ஒரு பழைய ஜீப் நின்றது. பெட்டி மாட்டி மூன்று வருடமாகிறதாம். கதவைத் திறந்து மூடிக் காட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து ஸ்டெப்னி தொங்கும் கதவு எதுவும் மூன்று வருடத்துக்குப் பிறகு இப்படி மூடாது. கீல் தேய்ந்து தொங்கி, தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டியிருக்கும்.

"எப்படிண்ணே தொங்கல?"

"அதுக்கு அடியில ரப்பர் வெச்சிருக்கேன்ல."

குனிந்து பார்த்தேன். பெட்டியின் அடியில் உள்ளங்கை அளவு ரப்பர் கட்டை, ஒரு பக்கம் சரிவாக வெட்டியது. பம்பருக்கு மேலே, சேசிஸிலிருந்து நீட்டிய ஒரு தகடு, அதுவும் சரிவு. கதவு பக்கவாட்டில் வந்து மூடும்போது ரப்பர் அந்தச் சரிவில் ஏறி உட்காருகிறது. ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துக் கீலின் இரண்டு காதுகளுக்கும் நடுவில் நுழைத்தார். கதவு திறந்திருக்கும்போது நுழையவில்லை. மூடியதும் வெண்ணெயில் போவது போலப் போனது. கதவு மயிரிழை தூக்கப்பட்டிருக்கிறது. வண்டி ஓடும்போது பெட்டியின் பாரம் கீலில் இல்லை, சேசிஸில்.

அங்கேயே ஒரு அட்டையில் கணக்குப் போட்டேன். இருபது கிலோ பெட்டி, கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளி. இரண்டு கீலுக்கும் இடைவெளி நாற்பது சென்டிமீட்டர். மேல் கீலை வெளியே இழுக்கும் விசை இருபத்தைந்து கிலோ, கீழ்க் கீலை உள்ளே தள்ளுவதும் அவ்வளவே. இது வண்டி சும்மா நிற்கும்போது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் எத்தனை மடங்கோ.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"இதுல சொல்ல என்னா மேடம் இருக்குது? கதவு தொங்குச்சு, முட்டுக் குடுத்தேன்."

இரவு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விண்ணப்பத்தைத் திறந்தேன். தாக்கலான விவரிப்பில் இல்லாத எதையும் இப்போது சேர்க்க முடியாது. பிரிவு 59 அதில் கண்டிப்பு. ரப்பர் அதில் இல்லாவிட்டால் கதை இன்றோடு முடிந்தது. பதினான்கு பக்கம். எங்கும் கண்ணில் படவில்லை. கடைசியில் படம் 4-இல், பெட்டியின் அடியில் சின்னச் சாய்ந்த கோடு, எண் 38. பதினோராம் பக்கத்தில் அதற்கு ஒரே வாக்கியம்: மூடிய நிலையில் சரிவுத் தாங்கி 36-இன் மேல் அமர்ந்து பாரத்தை வாங்கும் ரப்பர் கட்டை 38. அவர் அனுப்பிய படத்தை அப்படியே வரைந்த டிராஃப்ட்ஸ்மேன் பையனுக்கும், வரைந்ததற்கெல்லாம் ஒரு வரி எழுதித் தொலைக்கிற என் பழக்கத்துக்கும் நன்றி. எழுதும்போது அது என்னவென்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. கதவுக்கு ஆப்பு வைப்பது பழைய வித்தை ஆயிற்றே என்ற பயம். காலையில் புதுப்பேட்டை. உடைத்துப் போட்ட வண்டிகளின் கதவுகளைப் பலகைகள் மாதிரி சாய்த்து அடுக்கியிருந்தார்கள். பழைய வேன் கதவு ஒன்றின் ஓரத்தில் தேடியது கிடைத்தது: ஆப்பு வடிவ இரும்புத் துண்டு, சட்டத்தில் அதற்கு ஏற்ற பொந்து. மூடும்போது கதவு ஆடாமல் கவ்விக்கொள்ளும்.

கடைக்காரர் இருநூறு ரூபாய் சொன்னார். வாங்கவில்லை. புதுப்பேட்டையில் எல்லாமே ஏற்கெனவே இருப்பதுதான், ஆனால் எதற்கும் தேதி கிடையாது. ஆட்சேபனைக்குத் தேதி வேண்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் மனமில்லை. இந்த ஆப்பையும் தாண்டி நிற்கிற மாதிரிக் கோரிக்கையை எழுதினால்தான் பின்னாளில் எவனும் வந்து கவிழ்க்க முடியாது. பழைய ஆப்பு கதவின் ஓரத்தில், வண்டியின் கூட்டில் உட்காருகிறது. நம்முடையது கதவுக்கு வெளியே, பெட்டியின் அடியில், சேசிஸில் உட்காருகிறது. அது ஆட்டத்தை நிறுத்தும். இது பாரத்தை வாங்கும்.

ஜூன் 23, திங்கள்

இந்த மாதிரி வேலை வரும்போதெல்லாம் மிர்சாபூர் வழக்கு ஞாபகம் வரும். பித்தளைப் பாத்திரம் செய்கிற ஊர். கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு முறைக்கு 1950-களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கியது. அதே ஊர்க்காரர் ஒருவரோடு வழக்கு. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. வெறும் பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது, அதற்கு மேல் ஒரு படி வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் ஆட்சேபனைகளில் அந்தத் தீர்ப்பு வந்து நிற்கும்.

தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. குறை வேறு. ஜெர்மனியில் 1891-இலும் ஜப்பானில் 1905-இலும் சின்னத் திருத்தங்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பயன்மாதிரி என்று சொல்லலாம். குறைந்த காலம், குறைந்த சோதனை. அண்ணனை எதிர்த்து வந்த அந்த ஜப்பான் ஆவணமே அப்படிப் பதிவானதுதான். இங்கே 2011-இல் அரசு ஒரு விவாத அறிக்கை வெளியிட்டது, அதோடு சரி. வடிவமைப்புப் பதிவு உண்டு, ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் அழகுக்கு. அடியில் ஒளிந்திருக்கும் ரப்பருக்கு அங்கே இடமில்லை. பட்டறைக்காரர் ஒன்று முழு இருபது வருடக் காப்புரிமைக்கு எம்பிக் குதிக்க வேண்டும், இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

ஜூலை 9, புதன்

புதிய கோரிக்கை தயார். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கலாம். அதனால் அண்ணனுக்குத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டினேன்: பக்கவாட்டில் திறக்கும் பின்கதவின் பிராக்கெட்டில் மாட்டும் பெட்டி, அதன் அடியில் சரிவான மீள்தன்மைக் கட்டை, சேசிஸோடு பிணைந்த சரிவுத் தாங்கி, கதவு மூடிய நிலையில் கட்டை தாங்கியின் மேல் ஏறிப் பெட்டியின் பாரத்தைக் கீல்களிலிருந்து விடுவிப்பது இதன் சிறப்பு.

"அப்ப பெட்டி என்னுது இல்லையா?"

"ரப்பரோட சேந்த பெட்டிதான் உங்களுது."

"ரப்பர் இல்லாம எவனாவது செஞ்சா?"

"செய்யலாம்ணே. தடுக்க முடியாது."

யோசித்தார். "ஆறே மாசத்துல கதவு தொங்கும்," என்றார். முகத்தில் ஒரு திருப்தி. எனக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்லி வைத்தேன். காப்புரிமை கிடைத்தால் அடுத்தவனை நிறுத்தலாம். வண்டியில் மாட்டி ரோட்டில் ஓட்ட அது அனுமதிச் சீட்டு ஆகாது. நம்பர் பிளேட்டும் விளக்கும் மறையக் கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. கேட்பார். "அது தனிப் பஞ்சாயத்து" என்றார்.

ஜூலை 21, திங்கள்

பதிலை ஏற்றியாகிவிட்டது. ஒன்பது ஆட்சேபனைக்கு ஏழு பக்கம். அதில் ஐந்து பக்கம் ரப்பர்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று விசாரணை, காணொலியில். அண்ணனை என் அலுவலகத்துக்கே வரச் சொன்னேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்.

காப்புரிமை அலுவலகக் கன்ட்ரோலர் கேட்ட முதல் கேள்வியே, பழைய வண்டிக் கதவுகளில் ஆப்பு வைப்பது தெரிந்த விஷயம்தானே என்பது. புதுப்பேட்டைக்குப் போனது வீண் போகவில்லை. ஆப்பு எங்கே உட்காருகிறது, எதன் பாரத்தை எங்கே கொண்டுபோகிறது என்று படம் 4-ஐத் திரையில் வைத்துச் சொன்னேன். ஜப்பான் பெட்டியில் ரப்பர் இருக்கிறதே என்றார். இருக்கிறது, பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில். பாரம் கீலிலேயே நிற்கிறது. குறித்துக்கொண்டார்.

பிறகு, ரப்பர் தேய்ந்தால் என்ன செய்வீர்கள் என்றார். விவரிப்பில் அதற்குப் பதில் இல்லை. நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் முன்னால் சாய்ந்து, "தாங்கிக்கு அடியில ரெண்டு போல்ட் லூஸ் பண்ணி, மெல்லிசா தகடு ஒண்ணு சொருகினா போதும் சார், கதவைக் கழட்ட வேணாம்," என்றார். கன்ட்ரோலர் சிரித்தார். "நல்லா இருக்கு, ஆனா இது உங்க பேப்பர்ல இல்லையே" என்றும் சொன்னார். எழுத்துமூல வாதத்துக்குப் பதினைந்து நாள்.

நவம்பர் 20, வியாழன்

மதியம் அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார். தாங்கிக்கு அடியில் சொருகும் தகடு, சீப்பு மாதிரி இரண்டு வாய் வெட்டியது, போல்ட்டைக் கழற்றாமலே உள்ளே தள்ள. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஐந்து ரூபாய் நாணயம். எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். போன வருஷத்திலிருந்தே, பதினெட்டு வண்டிக்குப் போட்டாயிற்று என்றார்.

மூலக் காப்புரிமையோடு ஒட்டிக்கொள்கிற கூடுதல் காப்புரிமை என்று பிரிவு 54-இல் ஒன்று உண்டு. அதற்குப் போகும் முன் கேட்டேயாக வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணே, இந்தத் தகட்டை எங்கேயாவது வீடியோ போட்டீங்களா?"

நீல டிக் விழுந்து நாற்பது நிமிஷமாகிறது. பதில் இன்னும் வரவில்லை.