கைப்பழக்கமே முகவரி

1997-இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நிறுவனங்கள் தங்கள் பெயரை வளர்ப்பதுபோல் ஒவ்வொரு மனிதரும் தன் பெயரை ஒரு பிராண்டாக வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது யூடியூப் இல்லை, இன்ஸ்டாகிராம் இல்லை. இன்று கல்லூரி மாணவர் முதல் கடைவீதித் தையல்காரர் வரை எல்லார் கையிலும் அதற்கான கருவி இருக்கிறது. கூட்டத்தில் தன் முகம் எப்படித் தனியாகத் தெரியும் என்ற கவலையும் எல்லாருக்கும் வந்துவிட்டது.

அந்தக் கவலைக்கு நல்ல விடை புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த பெரியதம்பி தாத்தாவும் அவருடைய பேரன்கள் ஐவரும் 2018-இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். விவசாயக் குடும்பம், ஆண்டு முழுவதும் வயலில் வேலை இருக்காது. தாத்தா விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர். பெரிய அண்டாவில் எத்தனை பேருக்கு எவ்வளவு உப்பு என்பது அவருக்குக் கணக்குப் போடாமலே தெரியும். பேரன்கள் அந்தக் கைப்பழக்கத்தின் முன்னால் கேமராவை வைத்தார்கள்.

அவர்களுடைய காணொளி ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். திறந்த வெளி, விறகடுப்பு, அம்மியில் மசாலா அரைபடும் ஓசை. ஒவ்வொரு பொருளையும் கேமராவுக்கு நேரே நீட்டி, அதன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அண்டாவில் கொட்டுகிறார்கள். "இன்னைக்கு ஒரு புடி" என்ற குரல் வருகிறது. பிறகு எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சமைத்த உணவு முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் போகிறது. கறி மாறும், காய் மாறும். இந்த ஒழுங்கு மாறாது.

அந்த ஒழுங்கின் பலத்தை 2021 ஜனவரியில் நாடே பார்த்தது. தமிழகம் வந்த ராகுல் காந்தி அவர்களோடு காளான் பிரியாணி சமையலில் கலந்துகொண்டார். வெங்காயப் பச்சடி கலக்கும் வேலை அவருக்கு. அவரும் அந்தப் பேரன்களைப் போலவே "வெங்காயம், தயிர், கல்லு உப்பு" என்று தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் சேர்த்தார். வந்தவருக்காகச் சேனல் தன் பாணியை மாற்றவில்லை; வந்தவர் அந்தப் பாணிக்குள் அமர்ந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது அது. முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் கொடுத்தார்கள். 2022-இல் 'விக்ரம்' படத்திலும் அவர்கள் முகம் தெரிந்தது.

இத்தாலியில் இன்னொருவர். செனகலில் பிறந்து, டூரின் அருகே கிவாஸ்ஸோவில் வளர்ந்த காபி லாமே. 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய வேளையில், தொழிற்சாலை வேலை போனது. டிக்டாக்கில் காணொளி போடத் தொடங்கினார். எளிய வேலையைச் சுற்றி வளைத்துச் செய்து காட்டும் காணொளிகளை எடுத்துக்கொண்டு, அதையே நேராகச் செய்து காட்டினார். முடிவில் இரண்டு கைகளையும் விரித்து ஒரு பார்வை. பேச்சே கிடையாது; அதனால் எந்த நாட்டுக்காரருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. 2022 ஜூனில் டிக்டாக்கில் உலகிலேயே அதிகம் பேர் பின்தொடரும் நபர் ஆனார்.

இந்த இரு தரப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு. எதைச் செய்வது என்பதைப் போலவே, எதைச் செய்யாமல் விடுவது என்பதிலும் இரு தரப்பும் உறுதியாக இருந்தார்கள். காபி லாமே பேச்சை விட்டார். சின்னவீரமங்கலத்துக்காரர்கள் ஸ்டூடியோவை விட்டார்கள். பார்ப்பவருக்கு இரண்டு விநாடியில் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

வயல்வெளிச் சமையல் காணொளிகள் பிறகு எத்தனையோ வந்தன. அதே விறகடுப்பு, அதே அண்டா, அதே உரத்த குரல். அடுப்பையும் அண்டாவையும் யாரும் வாங்கிவிடலாம். விசேஷ வீடுகளில் சமைத்துக் கற்ற கையை வாங்க முடியாது. வேறொருவர் பாணியைக் கடன் வாங்குகிறவர், பார்ப்பவருக்கு அந்த வேறொருவரையே நினைவூட்டுகிறார்.

கைத்தொழில்தான் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களைச் சேர்த்தவர்களுக்கு அந்த எண் பயனற்றுப் போனது. பாடத் தெரிந்தவராலும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவராலும் வேறு தளத்தில் முதலிலிருந்து தொடங்க முடிந்தது. தளம் நிறுவனத்துக்குச் சொந்தம். வித்தை மட்டுமே நமக்குச் சொந்தம்.

புதிதாகக் கணக்குத் தொடங்கும் தம்பி தங்கைகளே, ரிங் லைட்டும் மைக்கும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஊரில் எந்த வேலைக்கு உங்களைத் தேடி வருகிறார்கள் என்று யோசியுங்கள். கணக்குப் பாடமோ, பைக் மெக்கானிக் வேலையோ, பூக்கட்டுவதோ, எதுவானாலும் சரி. அதைப் படமெடுங்கள். பார்ப்பவர் குறைவாக இருக்கும் மாதங்களிலும் அதே வேலையை, அதே அக்கறையோடு காட்டிக்கொண்டே இருங்கள்.