பாதியில எழுந்து போறவங்க

தெரு கிரிக்கெட் ஆடின எல்லாருக்கும் இந்த ஆளைத் தெரிஞ்சிருக்கும். முதல்ல பேட்டிங் பிடிப்பான். ஸ்டம்புக்கு வெச்ச செங்கல்லுல பந்து பட்டாலும் "ட்ரையல் பால்டா"ம்பான். ஒரு வழியா அவுட் ஆகி, பந்து பொறுக்கற முறை வந்ததும், "எங்கம்மா கூப்பிடறாங்கடா"ன்னு ஓட்டம். அம்மா கூப்பிட்டது வேற யார் காதுலயும் விழுந்திருக்காது :-)

அவனுக்குன்னு தண்டனை எதுவும் யாரும் எழுதி வெக்கலை. மறுநாள் டீம் பிரிக்கும்போது கடைசியாத்தான் அவன் பேர் வரும், அவ்வளவுதான்.

சீட்டாடறவங்க இந்த விஷயத்துல நம்மளை விடக் கெட்டிக்காரங்க. ரம்மியில கை சரியில்லைன்னா, முதல் சீட்டை எடுக்கறதுக்கு முன்னாடியே கவுத்துடலாம். ஸ்கூட். இருபது பாயிண்ட். கொஞ்சம் ஆடிப் பார்த்துட்டுக் கவுத்தா நாப்பது. விடாப்பிடியா உக்காந்து மாட்டிக்கிட்டா எண்பது வரைக்கும் போகும். அதாவது பாதியில எழுந்து போறதுக்கு ஒரு விலை, நேரம் ஆக ஆக அந்த விலை ஏறும். கட்டிட்டுப் போனா யாரும் முகம் சுளிக்கறதில்லை. (காசு வெச்சு ஆன்லைன்ல ஆடறதுக்கு 2025 ஆகஸ்ட்ல தடைச் சட்டம் வந்தாச்சு. நான் சொல்றது கல்யாண மண்டபத்து ஜமக்காள ரம்மி.)

இதெல்லாம் எதுக்கு இப்போன்னா, எங்க வாகட் ஃப்ளாட்டுல ராத்திரி சாப்பாட்டு நேரம் வந்தா ஒரு பஞ்சாயத்து. பையன் பதினொண்ணாவது. வேலரண்ட்னு ஒரு துப்பாக்கி விளையாட்டு. இவன், இதே சொசைட்டியில ஒரு மராத்திப் பையன், ஒரு ஒரியாப் பையன், ரெண்டு தெலுங்குப் பசங்க, ஆக அஞ்சு பேர். அப்பாக்கள் எல்லாம் ஹிஞ்சவடி கம்பெனிகள்ல, நான் மட்டும் பேங்க். அஞ்சு பேரும் ஹிந்தியில கத்திக்கிட்டே ஆடுவாங்க. தங்கமணி இந்தப் பக்கம் தோசையைப் போட்டுட்டு "வரியா இல்லியா"ன்னு தமிழ்ல கத்துவாங்க.

"அம்மா, நடுவுல விட முடியாதும்மா!"

"அதென்ன ஆபரேஷனா பண்றே?"

எனக்கும் முதல்ல புரியலை. ஒரு நாள் பக்கத்துல உக்காந்து விளக்கமாக் கேட்டேன். அஞ்சுக்கு அஞ்சு ஆட்டம். எந்தப் பக்கம் முதல்ல 13 ரவுண்டு ஜெயிக்குதோ அவங்களுக்கு வெற்றி. முக்கால் மணி நேரம் வரைக்கும் இழுக்கும். நிறுத்தி வெச்சுட்டு வர்ற பட்டன் கிடையாது. ஒருத்தன் எழுந்து போனா அவன் இடத்துக்கு வேற ஆள் வர மாட்டான், மீதி நாலு பேர் அஞ்சு பேரோட மல்லுக்கட்டணும். தோத்தா அந்த நாலு பேருக்கும் ரேங்க் புள்ளி போகும். ஓடிப்போனவனுக்குக் கம்பெனிக்காரன் தனியா அபராதம் போடுவான், புள்ளி குறைப்பான், கொஞ்ச நேரம் அடுத்த ஆட்டத்துக்குள்ள விடமாட்டான். தோல்வியை ஒத்துக்கிட்டு முடிக்கணும்னாலும் ரேங்க் ஆட்டத்துல அஞ்சு பேரும் சம்மதிச்சு ஓட்டுப் போடணும். ஒருத்தன் "இல்லை, ஆடலாம்"னா ஆடித்தான் ஆகணும்.

கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஜேஎல்ஜி லோன். கூட்டுப் பொறுப்புக் குழு. நாலுலேர்ந்து பத்துப் பேர் வரைக்கும் சேர்ந்து, ஒருத்தருக்கொருத்தர் ஜாமீனா நின்னு வாங்கற கடன். ஃபிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னாடி உடைச்சா வட்டி கொஞ்சம் குறையும், அந்த நஷ்டம் உடைச்சவரோட போச்சு, வேற யாருக்கும் அதுல பேச்சில்லை. குழுக் கடன்ல ஒருத்தர் சொல்லாமக் கொள்ளாம ஊரை விட்டுக் கிளம்பினா மத்தவங்க தலையில விடியும். பசங்க ஆட்டமும் ரெண்டாவது வகை. "கேம்தானே, ஆஃப் பண்ணிட்டு வா"ன்னு நாம சொல்றது முதல் வகைன்னு நெனச்சுக்கிட்டு. (இதைத் தங்கமணிகிட்ட சொன்னேன். "தோசை ஆறிப்போறதுக்கு யாரு ஜாமீன்?" பதில் இல்லை.)

ஒத்தைக்கு ஒத்தை ஆட்டத்துல கணக்கு வேற. செஸ்ல பாதியில முடிச்சுக்கறதுக்குப் பேரே மரியாதை. 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல நம்ம சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன் ஆனாரே, கடைசி ஆட்டத்துல டிங் லிரென் ஒரு தப்பான யானை நகர்த்தல் பண்ணினார். மூணே நகர்த்தல்ல, செக்மேட் வரைக்கும் காத்திருக்காம, கையைக் கொடுத்துட்டார். பார்த்தவங்களுக்கு டிங் மேல மரியாதை கூடித்தான் போச்சு. அதே செஸ்ஸை ஆன்லைன்ல ஆடறப்போ சில பேர் தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் ரிசைன் பட்டனைத் தொடாம, கடிகாரம் ஓடட்டும்னு எழுந்து டீ போடப் போயிடறாங்க. பத்து நிமிஷம் எதிராளி காலிப் பலகையை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். லீசெஸ் மாதிரி தளங்கள்ல, ஆள் கிளம்பிட்டாருன்னா கொஞ்ச நேரம் பொறுத்து "வெற்றி எனக்கு"ன்னு கேட்டு வாங்கிக்கற வசதி இதுக்காகத்தான். இப்படியே வழக்கமாக் கடிகாரத்தை ஓட விடறவங்களைக் கொஞ்ச காலம் வெளியே நிறுத்தியும் வெப்பாங்க. நியாயம்தான்.

ஆனா போட்டித் தொடர்னு வந்துட்டா செஸ்லயும் தனி ஆள்னு ஒருத்தன் கிடையாது. 2022 செப்டம்பர்ல நடந்ததைப் பாருங்க. செயின்ட் லூயிஸ்ல சிங்க்ஃபீல்ட் கோப்பை. மூணாவது சுத்துல மேக்னஸ் கார்ல்சன், ஹான்ஸ் நீமன்கிட்ட தோத்தார். மறுநாள் தொடரை விட்டே கிளம்பிட்டார். நீமன் மேல சந்தேகம். பாதி ஆட்டம் கூட ஆடாம ஒருத்தர் விலகினா, அவர் ஆடினதெல்லாம் புள்ளிப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. அதனால நீமனோட வெற்றி காணாமப் போச்சு. முதல் சுத்துல அவர்கிட்ட தோத்த நெபோம்னியாச்சிக்கோ, தோல்வியே காணாமப் போச்சு! ரெண்டு வாரத்துல ஒரு ஆன்லைன் தொடர், ஜூலியஸ் பேர் ஜெனரேஷன் கோப்பை. மறுபடி அதே நீமன். கார்ல்சன் ஒரே ஒரு காய் நகர்த்தினார், ரிசைன் பண்ணினார், கேமராவை அணைச்சார்.

அந்தத் தொடர்ல ஜெயிச்சா மூணு புள்ளி. நம்ம பிரக்ஞானந்தாவும் வாரங்கல் அர்ஜுன் எரிகைசியும் அதுல ஆடினாங்க. அவங்களெல்லாம் மூளையைக் கசக்கிச் சேர்க்கற மூணு புள்ளி ஒருத்தருக்குச் சும்மா போயிடுச்சு. கார்ல்சன் அதுக்கப்புறமும் அந்தக் கோப்பையை ஜெயிச்சார், இறுதியில தோத்தது அர்ஜுன். நீமன் அந்த சிங்க்ஃபீல்ட் ஆட்டத்துல ஏமாத்தினார்ங்கறதுக்கு ஆதாரம் எதுவும் வரலை. காரணமில்லாம சிங்க்ஃபீல்ட்லேர்ந்து விலகினதுக்கு 2023 டிசம்பர்ல ஃபிடே ஒழுங்குக் குழு கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் போட்டுச்சு. அவர் வருமானத்துக்கு அது இருபது பாயிண்ட் ஸ்கூட் மாதிரிதான்னு வெச்சுக்குங்க. ஆனாலும் போட்டாங்களே!

என் கட்சி என்னன்னா, இதுல மரியாதை எழுந்திருக்கறப்போ பாக்கறது இல்லை, உக்காரறப்போ பாக்கறது. நாளைக்குப் பரீட்சைன்னு ஆரம்பிக்கறப்பவே தெரியும்தானே? முக்கால் மணி நேரம் கையில இல்லைன்னா ஆரம்பிக்காதே. உடம்பு சரியில்லை, கரண்ட் போச்சு, வீட்டுக்கு யாரோ அவசரமா வந்துட்டாங்கன்னா வேற. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. 2-9ல தோத்துக்கிட்டிருக்கோம்னு கோவத்துல போறவனை மன்னிக்கவே கூடாது. அவனை விட மோசம், போகவும் மாட்டான், ஆடவும் மாட்டான், மூலையில நின்னுக்கிட்டு "எப்படியும் தோல்விதான்"னு புலம்புவான். எல்லா ஆபீஸ்லயும் அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு.

ஆனா இந்தச் சட்டமெல்லாம் எங்க சொசைட்டி மராத்திப் பையன் விஷயத்துல வேலைக்கு ஆகலை. அவன் ரெண்டு மாசத்துல அஞ்சாறு தரம் ஆட்டத்துக்கு நடுவுல மறைஞ்சு போனான். அதுவும் ஜெயிக்கிற ஆட்டத்துல. மத்த நாலு பேரும் கூடிப் பேசி அவனைக் கூப்பிடறதை நிறுத்திட்டாங்க. வெளியூர்ப் பையன் ஒருத்தனை அஞ்சாவது ஆளாச் சேர்த்துக்கிட்டாங்க. லிஃப்ட்ல பார்த்தாக் கூட பசங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. மூணு வருஷ சிநேகிதம்.

கடைசியில என் பையன்தான் விஷயத்தைக் கறந்தான். அந்தப் பையன் எழுந்தே போகலை. அவங்கப்பா ஆபீஸ்லேர்ந்து வந்ததும், ஒரு வார்த்தை பேசாம, ரவுட்டரைப் பிடுங்கிடுவாராம். அதைச் சொல்ல வெக்கப்பட்டு, "நெட் சரியில்லை"ன்னே சொல்லிக்கிட்டிருந்திருக்கான்.

பார்க்கிங்ல அவரைப் பிடிச்சேன். நல்ல மனுஷன், பூம்கர் சௌக் டிராஃபிக்ல தெனம் ஒரு மணி நேரம் செத்துப் பிழைச்சு வர்றவர். என் ஜேஎல்ஜி கதையை ஹிந்தியில சொன்னேன். "எட்டேகாலுக்கு மேல புதுசா ஆரம்பிக்காதேன்னு எங்க வீட்ல வெச்சிருக்கோம். ஆரம்பிச்சதை முடிக்க விடறோம். நீங்களும் அப்படிப் பண்ணிப் பாருங்களேன்"னு கேட்டேன். அவர் பொறுமையாக் கேட்டார். பத்தாவதுல பையன் மார்க் எங்கே போச்சுன்னு சொன்னார். கோச்சிங்குக்கு எவ்வளவு கட்டியிருக்கார்னு சொன்னார். "உங்க பையன் படிக்கிறான் சார், நீங்க பேசலாம்"னார். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

ரவுட்டர் இன்னும் ராத்திரி போகுது. பசங்களே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. வார நாள்ல அவன் டெத்மேட்ச் மட்டும் ஆடறான். அதுல டீம் கிடையாது, அவனவன் கணக்கு அவனவனுக்கு, பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும், நடுவுல காணாமப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவங்கப்பா தூங்கற நேரத்துல மட்டும் அஞ்சு பேர். போன சனிக்கிழமை 13-11ல ஜெயிச்சாங்களாம். கடைசி ரவுண்டு முடியற வரைக்கும் அவன் ரவுட்டர் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டிருந்தானாம்.